மூன்று வரி குறைந்த வெப்புநூல்

மழை முறை தவறாதிருக்க. பொன்னலை ஆறு மலையில் பிறந்து கடலில் சேருமளவும் இரு நாட்டாரும் ஒரு நீரே உண்டு வாழ்க.

மேற்சாரல் நாடுடையவரும், ஏழருவிக் கோட்டைக்கு இறைவரும், பகைவர்க்குப் பாறையும் நட்டோர்க்குச் சுனையுமாகிய வேந்தர் நெடுங்கண்டனார் திருவாய்மொழிப்படி, அவர்தம் முதலமைச்சன் ஏனாதி மதிவல்லன் எழுதுவிக்கும் ஓலை. கீழ்க்கடலுக்குக் காவலும், வளைகடற்பட்டினத்துக் குடிகளுக்குத் தாயும், முத்துத்துறை நாட்டின் முடியுடைத் தலைவியுமாகிய அரசி செழுங்கோதையார் திருமுன் காண்க. தங்கள் கலங்களுக்குக் காற்றும், தங்கள் குடிகளின் உலைக்கு அரிசியும் குறையாதிருப்பதாக. படுத்திருப்போர் எழுந்து நடப்பாராக.

ஆவணித் திங்கள் மூன்றாம் நாள் தங்கள் தூதர் வந்து திருமுகம் தந்தார். பட்டினத்தில் செவ்வெப்புக் காய்ச்சல் பரவியிருப்பதும், தங்கள் மருத்துவச் சாலையிலிருந்த வெப்புநூல் சென்ற ஆண்டுக் கடற்பெருக்கில் போய்விட்டதும், எங்கள் ஏட்டிலிருந்து ஒரு படி எழுதி அனுப்புமாறு தாங்கள் கேட்டதும் அவையில் படிக்கக் கேட்டோம். ஐந்தே நாளில் படி புறப்படும் என்று வேந்தர் வாக்களித்தார். அது எட்டாம் நாள் புறப்பட்டிருக்க வேண்டும். இன்று பதினேழாம் நாள். ஒன்பது நாள் தாழ்ந்தோம். நோய் நடக்கும் ஊரில் ஒன்பது நாள் என்பது எத்தனை வீடு என்பதைத் தாங்கள் அறிவீர்கள், நாங்களும் அறிவோம். ஆதலால் தாழ்ந்த காரணத்தை மறையாமல், எங்களுக்குப் பெருமை தராத இடத்தையும் விடாமல், நடந்தது நடந்தபடி எழுதுக என்று வேந்தர் பணித்தார். சிலர் சொன்ன சொற்களை அவர்கள் வாய்ப்பேச்சாகவே வைக்கவும் பணித்தார்.

எங்கள் ஏட்டுச்சாலையில் எழுதுவோர் அறுவர், அளப்பவர் ஒருவர். அந்த ஒருவர் சேந்தி நங்கையார். வயது ஐம்பத்திரண்டு. கணவர் மறைந்தபின் இருபது ஆண்டுகளாக அவருக்கு அதுவே வேலை. ஏடு ஒவ்வொன்றும் ஓர் அகலம். ஒருவர் எழுத்து சிறுத்திருக்கும், இன்னொருவர் எழுத்து பருத்திருக்கும். ஆகவே ஏட்டில் எழுத்தாணி ஓடிய வரிசையை எண்ணி நூலின் அளவைச் சொல்ல முடியாது. முப்பத்திரண்டு எழுத்து ஒரு வரி என்பது முன்னோர் வைத்த அளவு. ஒற்றெழுத்தைத் தள்ளி, மற்றதை வாய்விட்டுப் படித்து, கட்டைவிரலால் மற்ற விரல்களின் கணுவையும் நுனியையும் தொட்டுக்கொண்டே போனால் ஒரு கைக்குப் பதினாறு, இரு கைக்கு முப்பத்திரண்டு. இரு கையும் ஒருமுறை ஓடியதும் ஒரு சோழியை நகர்த்துவார். நூல் முடிந்ததும் சோழிகளை எண்ணி, கடைசி ஏட்டில் மூலநூலார் எழுதிவைத்த தொகையோடு ஒப்பிடுவார். ஒத்தால் முத்திரைக்கு வரும். ஒவ்வாதது வராது. இதை அவையில் இருந்த நாங்கள் ஒரு சடங்காகவே நினைத்திருந்தோம்.

தங்கள் தூதர் அரச திருமுகத்தோடு சிறு ஓலைநறுக்கு ஒன்றும் கொண்டுவந்திருந்தார். அது சேந்தி நங்கையாருக்கு வந்தது. அவருடைய ஒரே மகள் குவளையாளைத் தங்கள் பட்டினத்துத் தச்சர் தெருவில், படகு கட்டும் மாடலன் என்பவருக்குக் கொடுத்திருக்கிறது. அந்த மருமகன் எழுதியிருந்தார்: குவளையாளுக்கு முதல் நாள் காய்ச்சல் கண்டிருக்கிறது, உடம்பெல்லாம் செம்புள்ளி, நல்ல செய்தியோடு மறுபடி எழுதுகிறேன் என்று. நங்கையார் அதை இரண்டு தடவை படித்து, மடியில் செருகிக்கொண்டு, எழுதுவோர் அறுவருக்கும் மூலத்தைப் பிரித்துக் கொடுக்கப் போனார். எவரிடமும் சொல்லவில்லை. சொன்னால் அழுகை வரும், அழுதால் எண்ணிக்கை தப்பும் என்று பயந்ததாகப் பின்பு சொன்னார்.

ஆறாம் நாள் மாலைக்குள் படி எழுதி முடிந்தது. ஏழாம் நாள் காலையில் நங்கையார் அளக்க உட்கார்ந்தார். மூலத்தின் கடைசி ஏட்டில் "வெப்புநூல் வரி எண்ணூற்று நாற்பது" என்று தெளிவாக இருக்கிறது. அவருக்கு வந்தது எண்ணூற்று முப்பத்தேழு. தம் கவனம் மகள்மேல் போயிருக்கும் என்று நினைத்து, முகம் கழுவிவிட்டு மறுபடி முதலிலிருந்து எண்ணினார். எண்ணூற்று முப்பத்தேழுதான். எழுதிய அறுவரில் எவரோ விட்டுவிட்டார் என்று எட்டாம் நாள் விடிந்ததும் மூலத்தையே எடுத்து அளந்தார். மூலமும் எண்ணூற்று முப்பத்தேழு. அறுபது ஆண்டுகளாக எங்கள் அரண்மனை நம்பியிருந்த ஏடே குறை ஏடு. எந்த இடத்தில் குறைந்தது என்பதை அந்தத் தொகை சொல்லாது. குறைந்திருக்கிறது என்று மட்டுமே சொல்லும்.

ஆற்றுத்துறையில் படகு காத்திருந்தது. துடுப்புக்காரர் ஏறி அமர்ந்துவிட்டனர். அவையில் வேந்தரும், மருத்துவத் தலைவர் வழுதூர் நாகனாரும், இவ்வோலை எழுதுவிக்கும் அமைச்சனும் முத்திரை அரக்கை உருக்கி வைத்துக்கொண்டு இருந்தோம். நங்கையார் உள்ளே வந்து, வணங்கி, முத்திரை வைக்க வேண்டாம் என்றார்.

நாகனார் எழுபதை நெருங்கியவர். அவர் கைபட்டுப் பிழைத்தோர் இந்நாட்டில் ஆயிரவர். நூல் முழுமையாகவே இருக்கிறது, அதைப் பலமுறை படித்திருக்கிறேன், இறுதியில் தொகை எழுதியவன்தான் தவறியிருப்பான் என்று அவர் கூறினார். அமைச்சனும் அவர் பக்கமே நின்றான். இப்போது இதை அனுப்புவோம், குறை எதுவென்று தெரிந்தால் திருத்தம் எழுதி இன்னோர் ஓலை அனுப்பலாம் என்று அவன் யோசனை சொன்னான். அறிவான யோசனை என்றே அன்று எண்ணினான்.

நங்கையார் அமைச்சனைப் பார்த்துச் சொன்னார்: "பின்னால போற ஓலை, முன்னால உள்ள போன மருந்தைத் திருப்பி எடுக்காதுங்க ஐயா. மூணு வரி காணோம். அது வாழ்த்துப் பாட்டா இருந்தா நமக்கு ஒண்ணுமில்ல. மருந்தா இருந்தா?"

நாகனாருக்குச் சினம் வந்தது. மகள் செய்தி அவருக்குத் தூதர் வாயிலாகத் தெரிந்திருந்தது. அதை அவையில் எடுத்தார். "சேந்தியம்மா, உம்ம மகளும் அங்கதான படுத்திருக்கா. நாள் கடத்த உமக்கு எப்படி மனசு வருது?"

வேந்தர் உட்பட எங்களில் மற்ற எவருக்கும் அதுவரை அது தெரியாது. நங்கையார் நாகனாரைப் பார்த்து, "அவ வாயிலயும் இந்த மருந்துதான ஐயா விழப்போகுது" என்றார்.

வேந்தர் முத்திரைக்கோலைக் கீழே வைத்தார். எவ்வளவு நாள் வேண்டும், எப்படிக் கண்டுபிடிப்பீர் என்று கேட்டார். நங்கையார் வழியையும் யோசித்தே வந்திருந்தார். தங்கள் தூதருடன் வந்த ஓடக்காரர் மூவர் ஆறாம் நாளே செவ்வெப்பில் விழுந்து எங்கள் மருத்துவச் சாலையில் கிடந்தனர். அந்த வெப்பு பன்னிரண்டு நாள் ஓடும் நோய். நாளுக்கொரு மருந்தாகப் பன்னிரண்டு மருந்தையே அந்நூல் சொல்கிறது. நாகனார் எப்படியும் அவற்றைச் செய்தே தீர வேண்டும். ஆகவே அவர் தம் நினைவிலிருந்து செய்யாமல், நங்கையார் பக்கத்தில் உட்கார்ந்து நூலைப் படிக்க, படித்ததை மட்டும் செய்ய வேண்டும். படிக்காததைச் செய்யக் கூடாது. குறை எங்கே என்று கை காட்டிக்கொடுக்கும் என்றார்.

எழுபது வயதில் தமக்கு மருந்து செய்யப் பாடம் சொல்லித்தருகிறார்களா என்று நாகனார் முணுமுணுத்தார். வேந்தர் சொல்லுக்காக ஒப்புக்கொண்டார். படகிலிருந்த துடுப்புக்காரரை இறங்கச் சொன்னோம். அந்தப் படகு வெறுமையாய் ஆடிக்கொண்டு நின்றதை நங்கையார் சாலைக்குப் போகும் வழியில் நின்று பார்த்தாராம். தாம் செய்தது சரியா என்று அப்போது தமக்கே தெரியவில்லை என்றும், மடியிலிருந்த நறுக்கு நெருப்பாய்ச் சுட்டது என்றும் கூறினார்.

அன்று பிற்பகலே தொடங்கினர். கழிந்துபோன நாட்களின் மருந்துகளையும் ஒருமுறை செய்து பார்த்தனர். சாலையின் முற்றத்தில் அடுப்பு; அடுப்பருகே நாகனார்; எதிரே ஏட்டுடன் நங்கையார். இடிக்க என்று படித்தால் இடிப்பார், வடிக்க என்று படித்தால் வடிப்பார். முதல் மருந்து ஒத்தது. இரண்டாவதும் மூன்றாவதும் ஒத்தன. நான்கு, ஐந்து, ஆறு என்று ஒவ்வொரு நாளும் ஒத்துக்கொண்டே போக, நாகனாரின் முகம் மலர்ந்தது. நங்கையாரின் முகம் வாடியது. பதினோராம் நாள் மாலை அமைச்சன் அங்கே போய், இன்னும் எத்தனை நாள் என்று கேட்டான். அவன் கேட்ட குரலில் கனிவு இல்லை. நங்கையார் மறுநாளைக்கு வேண்டிய ஏட்டை எடுத்துத் துடைத்துக்கொண்டிருந்தார்.

பன்னிரண்டாம் நாள் ஏழாம் மருந்து. நோயின் ஏழாம் நாளே உயிர் போவதும் நிற்பதும் முடிவாகும் நாள் என்பதால் அம்மருந்து கடியது. எங்கள் மலையுச்சியில் மட்டும் விளையும் செந்நாவிக் கிழங்கே அதற்கு முதல். தங்கள் கடற்கரையில் அதைக் கண்டோரும் இலர் என்பதால் ஒரு கூடை கிழங்கும் படகில் வைக்கப்பட்டிருந்தது. நங்கையார் படித்தார்: கிழங்கைத் தோல் சீவுக, விரல் கனத்தில் அரிந்துகொள்க. நாகனார் சீவினார், அரிந்தார். அடுத்த வரியை நங்கையார் படிக்க வாயெடுக்குமுன் நாகனாரின் கை பக்கத்திலிருந்த அரிசி கழுவிய நீர்ச்சட்டியை இழுத்தது. அரிந்த துண்டுகளை அதில் இட்டார். சட்டியை அடுப்பில் ஏற்றினார்.

நங்கையார் படிப்பதை நிறுத்தினார்.

"ஐயா, அது இங்க இல்லீங்களே."

"எது?"

"கழனித்தண்ணியில வேகவைக்கிறது."

நாகனார் சிரித்தார். மூன்று தடவை கழனித்தண்ணீரில் வேகவைத்து, மூன்று தடவையும் தண்ணீரைக் கொட்டினால்தானே கிழங்கின் நஞ்சு இறங்கும், அது இல்லாமல் எப்படி இருக்கும், சரியாகப் பாரும் என்றார். நங்கையார் எழுந்து வந்து ஏட்டை அவர் கையிலேயே கொடுத்தார். நாகனார் கண்ணருகே பிடித்துப் படித்தார். அரிந்துகொள்க என்றதற்கு அடுத்தபடி, தேனில் குழைத்து ஊட்டுக என்றே இருந்தது. இரண்டாம் முறை படித்தார். கையிலிருந்த கரண்டியைக் கீழே வைத்துவிட்டு அடுப்பருகே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

அவருடைய கைகள் நாற்பது ஆண்டுகளாக அக்கிழங்கை மூன்று தடவை வேகவைத்து வந்திருக்கின்றன. ஆசிரியர் அடுப்படியில் நின்று பழகிய வேலை; ஏட்டைப் பார்த்துச் செய்ததில்லை. ஏட்டைப் படித்த போதெல்லாம், அங்கே இல்லாத வரியைத் தம் நினைவால் சேர்த்தே படித்திருக்கிறார். எங்கள் நாட்டில் அந்தக் குறையால் ஒருவரும் இறக்கவில்லை; ஏனெனில் எங்கள் மருத்துவர் எவரும் ஏட்டை நம்பிச் செய்யவில்லை. ஆனால் அக்கிழங்கைக் கண்ணாலும் காணாத தங்கள் மருத்துவர், எழுதியிருப்பதை எழுதியபடி செய்திருப்பார்கள். வேகாத செந்நாவியைத் தேனில் குழைத்து, ஏழாம் நாள்வரை தப்பிப் பிழைத்து வந்தவர் ஒவ்வொருவர் வாயிலும் ஊட்டியிருப்பார்கள். எங்கள் வேந்தரின் முத்திரையோடு, எங்கள் கூடையிலிருந்த கிழங்கால்.

அமைச்சனுக்கு ஆள் அனுப்பினர். அவன் ஓடிவந்து முற்றத்தில் நின்றபோது நாகனார் அவன் முன்னிலையில் நங்கையாரிடம் சொன்னது இது: "நான் எட்டாம் நாளே இதைப் படகுல ஏத்தியிருப்பேன் அம்மா. உம்ம மகளைச் சொல்லிக் காட்டுனதும் நான்தான்." மன்னிப்பு என்ற சொல்லை அவர் சொல்லவில்லை. நங்கையாரும் அதை எதிர்பார்த்தவராகத் தெரியவில்லை. சட்டி பொங்குகிறது, முதல் தண்ணீரைக் கொட்ட வேண்டாமா என்று மட்டும் கேட்டார்.

குறை நேர்ந்த வகையும் பின்பு புலப்பட்டது. விடுபட்ட இடத்திற்கு முன்வரி "கொள்க" என்று முடிகிறது. விடுபட்ட பகுதியும் அவ்வாறே முடிந்திருக்கும் போலும். அறுபது ஆண்டுக்கு முன் எங்கள் ஏட்டைப் பழைய மூலத்திலிருந்து படியெடுத்தவர், ஒரு "கொள்க" எழுதி ஏறிட்டுப் பார்த்தபோது அவர் கண் அடுத்த "கொள்க"வில் விழுந்திருக்கிறது. அவர் தீங்கு நினைத்தவர் அல்லர். மூலத்துத் தொகையை மட்டும் பார்த்தபடி எழுதிவிட்டு, தம் ஏட்டை எண்ணாமல் கட்டிவிட்டார், அவ்வளவே.

இடம் கிடைத்துவிட்டதே, உடனே அனுப்பலாமே என்று அமைச்சன் மீண்டும் அவசரப்பட்டான். இம்முறை தடுத்தவர் நாகனார். இன்னும் ஐந்து மருந்து பாக்கி இருக்கிறது, என் கையை இனி நானே நம்பமாட்டேன் என்றார். ஆகவே செய்து பார்த்த முதல் ஏழு மருந்தையும், ஏழாவதில் வேகவைக்கும் முறையைச் சேர்த்து, தனிச் சிறுகட்டாக எழுதி, வேகவைத்த கிழங்கு சிறிதோடு பதின்மூன்றாம் நாள் குதிரைத்தூதர் இருவர் வழியாக அனுப்பினோம். இந்நேரம் அது தங்கள் கைக்கு வந்திருக்கும். மற்ற ஐந்தையும் ஒவ்வொரு நாளாகச் செய்து பார்த்தனர். அவற்றில் ஏடும் கையும் ஒத்தன.

இன்னும் ஒன்று சொல்ல வேண்டும். விடுபட்ட இடத்தை நிரப்ப நாகனார் செய்முறையைச் சொன்னார், எழுதினோம், அது நான்கு வரியாக வந்தது. மூலத்தில் மூன்று வரிதானே, ஒரு சொல் இரு சொல் குறைத்து மூன்றாக்கிவிட்டால் தொகை எண்ணூற்று நாற்பதாகிவிடும், நூல் பழையபடி முழுமையாகத் தோன்றுமே என்று ஏட்டுச்சாலையில் ஒருவர் கருத்துச் சொன்னார். நங்கையார் அதற்கு உடன்படவில்லை. மூல ஆசிரியர் எழுதாததை அவர் எழுதியதாகக் காட்டினால் நாளைக்கு இன்னொருவர் எதை நம்பி எண்ணுவார் என்று கேட்டார். ஆகவே தங்களிடம் வரும் படியில் அந்நான்கு வரியும் இருபுறமும் கோடிட்டு, "இது மூலம் அன்று, வழுதூர் நாகனார் கைமுறை" என்ற குறிப்போடு இருக்கும். இறுதியில் "மூலம் எண்ணூற்று நாற்பது, கிடைத்தது எண்ணூற்று முப்பத்தேழு, சேர்த்தது நான்கு" என்று நங்கையார் தம் கையாலேயே எழுதியிருக்கிறார். தங்கள் நாட்டில் எந்த வீட்டிலாவது பழைய வெப்புநூல் ஒன்று இருந்து, அந்த மூன்று வரியும் அதில் கிடைக்குமானால், எங்களுக்கு எழுதி அனுப்பக் கேட்டுக்கொள்கிறோம். எங்கள் ஏடு குறையுடையது என்று இன்னோர் அரசுக்கு எழுதுவது அமைச்சனுக்கு எளிதாக இல்லை. வேந்தர் எளிதாக்கினார்.

ஓடக்காரர் மூவரும் இன்று காலை பன்னிரண்டாம் மருந்து உண்டனர். செம்புள்ளி மூவருக்கும் வாடிவிட்டது. இருவர் தாமே நடந்து ஆற்றங்கரை வரை வந்தனர். மூன்றாமவர் இன்னும் படுக்கையில்தான் இருக்கிறார். ஆயினும் கஞ்சியில் உப்பில்லை என்று சமையற்காரரோடு சண்டை பிடித்தார். நோய் தீர்ந்ததற்கு அதைவிட வேறு சான்று வேண்டாம் என்கிறார் நாகனார். ஆகவே பட்டினத்துக் குடிகள் எழுந்து நடப்பர் என்னும் உறுதியோடு இவ்வோலை எழுதப்படுகிறது.

இப்படகில் வருவன: அளந்து முத்திரையிட்ட வெப்புநூற்படி ஒன்று, மூன்று தடவை வேகவைத்து உலர்த்திய செந்நாவி இரு கூடை, பச்சைக் கிழங்கு ஒன்றுகூட இல்லை. வருவோர்: தங்கள் மருத்துவர்க்குச் செய்துகாட்ட நாகனார், அவர் செய்யச் செய்யப் படிக்கச் சேந்தி நங்கையார். இருவரும் தாமே வரக் கேட்டனர்.

நங்கையார் கேளாத ஒன்றை வேந்தர் தங்களிடம் கேட்கிறார். மருமகனிடமிருந்து மறுபடி நறுக்கு வரவில்லை. குவளையாள் இருக்கிறாளா என்பது இங்கே எவருக்கும் தெரியாது. படகு துறையைத் தொட்டதும், நூலைப் படிக்கத் தொடங்குமுன், அவரைத் தச்சர் தெருவுக்கு அனுப்பி வைக்குமாறு வேந்தர் வேண்டுகிறார். இதை அவரிடம் சொன்னோம். முதலில் சாலையில் படித்து முடித்துவிட்டுப் போகிறேன், மகளைப் பார்த்துவிட்டால் எனக்கு எண்ண வராது என்றார். அரசரும் அமைச்சனும் அவரை மாற்ற முயன்று இயலவில்லை. எது முன், எது பின் என்பதைத் தாங்கள் முடிவு செய்யுங்கள். தாங்கள் பணித்தால் அவர் கேட்பார் என்று நம்புகிறோம்.

பொன்னலை ஆற்றின் இருகரைக் காவலர்க்கும், துறைத் தலைவர்க்கும், சுங்க அதிகாரிகட்கும் வேந்தர் ஆணை: இப்படகை எங்கும் நிறுத்தற்க, சோதனை என்று ஒரு நாழிகையும் தாழ்த்தற்க, துடுப்புக்காரர் சோர்ந்தவிடத்து அவ்வூர் ஆட்கள் துடுப்பை ஏற்றுக்கொள்க. ஏட்டுச்சாலைக்கு ஆணை: இன்று முதல் மருந்தாயினும், வழக்காயினும், அரசர் சொல்லேயாயினும், வரி அளந்து தொகை எழுதாத ஓலைக்கு முத்திரை இல்லை.

ஏழருவி இலச்சினை பொறித்தது. சொல்லியவர் வேந்தர், எழுதுவித்தவன் மதிவல்லன், அளந்தவர் சேந்தி நங்கை. படகு புறப்படுக.